ஒரு லிட்டர் டீசல்: காஸாவின் மின்சாரம் பற்றி வாசகர் கேள்விகள்

காஸா மருத்துவமனைகளின் மின்சாரம் பற்றி எழுதியதிலிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. மருத்துவமனைகளுக்கு ஜெனரேட்டரும் ஆக்சிஜன் வசதியும் அமைக்கும் வேலையில் 25 வருடம் இருந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியதை இங்கே சொல்கிறேன்.

கேள்வி: காஸாவுக்கென்று சொந்த மின்நிலையம் கிடையாதா? எல்லாமே இஸ்ரேலிலிருந்து வந்ததா? (வாசகர், திருச்சி)

ஒரே ஒரு நிலையம் உண்டு. 2002-ல் ஓடத் தொடங்கியது. கட்டும்போது கணக்கு 140 மெகாவாட். இயற்கை எரிவாயுவில் ஓட வேண்டிய நிலையம் அது. வாயு வரவே இல்லை, ஓடியவரை டீசல்தான். 2006 ஜூனில் இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவரை ஹமாஸும் வேறு சில குழுக்களும் பிடித்துச் சென்ற சில நாட்களில், அதன் டிரான்ஸ்ஃபார்மர்கள் விமானத் தாக்குதலில் அழிந்தன. அதன் பிறகு அது முழுத் திறனில் ஓடியதே இல்லை என்று சொல்லலாம். 2014 போரில் அதன் எரிபொருள் தொட்டி எரிந்தது.

இஸ்ரேலிலிருந்து பத்து லைன்கள் வழியாக சுமார் 120 மெகாவாட் வந்தது. இது தானம் இல்லை. பாலஸ்தீன நிர்வாகத்துக்காக இஸ்ரேல் வசூலிக்கும் வரிப் பணத்திலிருந்து இதற்கான தொகையைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டார்கள். எகிப்திலிருந்து கொஞ்சம் வந்துகொண்டிருந்து 2018-ல் அதுவும் நின்றது. தேவையோ 400 மெகாவாட்டுக்கு மேல். எல்லாம் ஒழுங்காக இருந்த நாளில்கூட பாதிக்குத்தான் கைவசம் இருந்தது.

கேள்வி: அப்படியானால் 2023-க்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்ததா?

இருந்தது. 2007 செப்டம்பரில் இஸ்ரேல் அமைச்சரவை காஸாவை 'பகைப் பிரதேசம்' என்று அறிவித்தது, அக்டோபர் கடைசியில் எரிபொருளைக் குறைத்தது. மனித உரிமை அமைப்புகள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2008 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் குறைப்பை அனுமதித்தது. மின்நிலையத்துக்கு வாரம் 22 லட்சம் லிட்டர் கொடுப்பதாக அரசு சொன்னதை ஏற்றுக்கொண்டது. அது முழுமையாக ஓட 35 லட்சம் லிட்டர் வேண்டும்.

அந்த வருடம் காஸாவில் டாக்சிகள் சமையல் எண்ணெயில் ஓடின. தெருவெல்லாம் பொரித்த வாசனை அடித்ததாக எழுதினார்கள்.

2017-ல் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த முறை காரணம் பாலஸ்தீனர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. டீசல் வரி யார் கட்டுவது என்பதில் மேற்குக் கரையின் ரமல்லாவில் இருந்த பாலஸ்தீன நிர்வாகமும் காஸாவை ஆண்ட ஹமாஸும் மோதின. ஏப்ரலில் மின்நிலையம் நின்றது. இஸ்ரேலிலிருந்து வரும் மின்சாரத்தையும் குறைக்கச் சொல்லி ரமல்லாவே கேட்டது, ஜூனில் இஸ்ரேல் குறைத்தது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கரண்ட். நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தால் அப்போது எழுந்து துணி துவைக்க வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும். மூன்று தரப்பும் பேரம் பேசின, அதற்கு ஈடு வைக்கப்பட்டவர்கள் அந்த இருபது லட்சம் பேர். 2018 அக்டோபரில் கத்தார் பணம் கொடுத்து ஐ.நா. வழியாக டீசல் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தேறியது.

கேள்வி: பசியில் இருப்பவர்களுக்கு உணவு, தண்ணீர், மருந்துதானே முதலில்? எரிபொருளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு லிட்டர் டீசலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நல்ல ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரம் தரும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வேண்டும். ஆக, ஒரு லிட்டர் டீசல் என்பது ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் குடிநீர். பேரிடர் நேரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது உதவி அமைப்புகள் வைத்திருக்கும் அளவு. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாள் குடித்து, சமைத்து, கை கழுவுவதற்கான தண்ணீர் அந்த ஒரு லிட்டருக்குள் இருக்கிறது.

காஸாவில் நிலத்தடி நீரை நம்ப முடியாது. கடல் உள்ளே புகுந்து, கழிவும் கலந்து, கிணற்று நீரில் 95 சதவீதத்துக்கு மேல் குடிக்கத் தகுதியற்றது. அதனால் கரண்ட் நின்றால் அங்கே குடிநீரும் நிற்கும். தேர் அல்-பலாவில் யுனிசெஃப் உதவியுடன் கட்டிய பெரிய கடல்நீர் ஆலை ஒன்று உண்டு. 2024 நவம்பரில் அதற்கு இஸ்ரேல் லைனிலிருந்து மின்சாரம் கிடைத்தபோது உற்பத்தி பல மடங்கு கூடியது. 2025 மார்ச் 9 அன்று இஸ்ரேல் எரிசக்தி அமைச்சர் அந்த லைனை வெட்ட உத்தரவிட்டார், உற்பத்தி விழுந்தது. ஆலையில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை, தண்ணீர் மட்டும் குறைந்துபோனது.

உணவும் அப்படித்தான். கோதுமை மாவு லாரியில் வருகிறது, லாரிக்கு டீசல் வேண்டும். மாவு ரொட்டியாக வேண்டும், அடுப்புக்கு கேஸ் வேண்டும். 2025 மார்ச் இறுதியில், மாவும் கேஸும் தீர்ந்துபோய், உலக உணவுத் திட்டம் ஆதரித்த 25 ரொட்டிக் கடைகளும் மூடப்பட்டன. அதனால் 'இத்தனை லாரி உணவு போனது' என்று யாராவது சொன்னால் கூடவே எத்தனை லிட்டர் டீசல் போனது என்று கேளுங்கள்.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜெனரேட்டர் இருக்குமே? நான் செவிலியராக இருக்கிறேன். எங்கள் இடத்தில் கரண்ட் போனால் பத்து விநாடியில் திரும்பி வந்துவிடும். (வாசகி, மதுரை)

உங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பராமரிப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நூறோ இருநூறோ சொல்வார்கள். அது அதற்காகவே செய்த இயந்திரம். லைன் கரண்ட் போய்த் திரும்பி வரும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. காஸா ஆஸ்பத்திரிகளுக்கு லைன் கரண்ட் திரும்பி வரவே இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 250 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அன்றே இஸ்ரேல் மின்சாரத்தை வெட்டியது. இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலான்ட் முழு முற்றுகை அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. அக்டோபர் 11 அன்று காஸாவின் ஒரே மின்நிலையமும் டீசல் தீர்ந்து நின்றது.

அதிலிருந்து ஜெனரேட்டர்தான் ஆஸ்பத்திரியின் மின்வாரியம். 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு நூறு லிட்டர் குடிக்கும். ஏறத்தாழ 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இரவு பகல் ஓடினால் அது பத்து நாள் கணக்கு. ஃபில்டர் கிடைக்கவில்லை என்று பழையதையே போட்டு ஓட்டினால் சீக்கிரம் மக்கர் செய்யும், அப்புறம் எஞ்சினே போகும்.

டீசல் குறையும்போது ஆஸ்பத்திரி எப்படிச் சுருங்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் ஏ.சி., லிஃப்ட். அடுத்து சலவை, சமையலறை. பிறகு ஸ்கேன். அதன் பின் டயாலிசிஸில் கைவைப்பார்கள். ஒருவருக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நான்கு மணி நேரமும் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரும் வேண்டும். போருக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே டயாலிசிஸில் இருந்தார்கள். நான்கு மணி நேரம் இரண்டானது, வாரம் மூன்று முறை இரண்டு முறையானது. சிறுநீரக நோயாளி இப்படி மெல்ல இறப்பது எந்தக் குண்டுவீச்சுக் கணக்கிலும் வராது.

கடைசியாக மிஞ்சுவது அறுவை அரங்கு, வென்டிலேட்டர், இன்குபேட்டர். 2023 நவம்பர் 11 அன்று காஸாவின் மிகப் பெரிய மருத்துவமனையான அல்-ஷிஃபாவில் அதுவும் நின்றது. குறைமாதக் குழந்தைகள் 39 பேரை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஃபாயில் சுற்றிச் சூடு காத்தார்கள். நவம்பர் 19 அன்று உலக சுகாதார நிறுவனமும் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் அவர்களை வெளியே எடுத்தபோது 31 பேர் இருந்தார்கள். இன்குபேட்டர் ஒரு மிக்சி இழுக்கும் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். வாழ்க்கை முழுக்க இன்குபேட்டருக்கு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தவன் நான். அந்தப் புகைப்படத்தை இன்னொரு முறை பார்க்க எனக்கு முடியவில்லை.

கேள்வி: ஹமாஸ் டீசலைத் திருடிச் சுரங்கத்துக்குப் பயன்படுத்துகிறது என்கிறார்களே. இஸ்ரேல் வேறு என்ன செய்ய முடியும்?

பூமிக்கடியில் ஹமாஸ் தோண்டிய சுரங்கப் பாதைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் டீசலால்தான் கிடைக்கின்றன என்பது உண்மை. ஹமாஸிடம் சொந்த இருப்பு இருந்தது, அதை மருத்துவமனைகளுக்கு அது கொடுக்கவில்லை என்பதும் உண்மையான குற்றச்சாட்டு. 2008 ஏப்ரலில் எல்லையில் இருந்த நஹல் ஓஸ் எரிபொருள் நிலையத்தை ஆயுதக் குழுவினர் தாக்கி, காஸாவுக்கு டீசல் அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு இஸ்ரேலியத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது நேர்மையில்லை.

ஆனால் டீசலை நிறுத்தினால் யாருக்கு முதலில் தீரும்? ஆயுதம் வைத்திருப்பவன் முன்பே சேர்த்து வைத்திருப்பான், இல்லாவிட்டால் மிரட்டி வாங்குவான். இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு இருப்பு கிடையாது. கண்காணித்துக் கொடுக்கும் முறைகளும் இருந்தன. 2018-லிருந்து கத்தார் டீசல் ஐ.நா. மேற்பார்வையில், இஸ்ரேல் சம்மதத்துடன்தான் மின்நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2023 நவம்பர் நடுவில் ஐ.நா. லாரிகளுக்கென்று கொஞ்சம் டீசலை விட்டபோது அதுவும் நடந்தது. முடியும் என்று செய்து காட்டிய ஒன்றை 2025 மார்ச்சில் மறுபடி அடைத்து, 130 நாள் ஒரு லிட்டர்கூட விடாமல் இருந்ததை எந்தப் பாதுகாப்புக் காரணமும் நியாயப்படுத்தாது.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

போரிலும் ஒரு மக்கள் கூட்டத்தையே சேர்த்துத் தண்டிக்கக் கூடாது. நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33-ம் பிரிவு அது. சர்வதேச நீதிமன்றம் 2024 மார்ச் 28 ஆணையில் உணவு, தண்ணீரோடு மின்சாரத்தையும் எரிபொருளையும் பெயர் சொல்லி, தடையில்லாமல் போக வழிசெய்யும்படி இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் கலான்ட்டுக்கும் பிடியாணை பிறப்பித்தது. பட்டினியைப் போர் ஆயுதமாக்கியது என்ற குற்றச்சாட்டில் எரிபொருள், மின்சாரத் தடையும் சேர்ந்திருக்கிறது. இஸ்ரேல் இதை ஏற்கவில்லை.

இங்கே பழைய 2008 தீர்ப்பிலேயே ஒரு வரி கவனிக்க வேண்டியது. இத்தனை வருட ராணுவ ஆட்சியால் காஸா இஸ்ரேல் மின்சாரத்தைச் சார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது, அதனால் ஒரு கடமை இருக்கிறது என்று இஸ்ரேல் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

கேள்வி: கேஸ் இல்லாமல் வீட்டில் எப்படிச் சமைக்கிறார்கள்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

விறகு. அது தீர்ந்ததும் கதவு, ஜன்னல் சட்டம், புத்தகம், பழைய துணி, கடைசியில் பிளாஸ்டிக். கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் புகை. அடுப்பு ஊதுவது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும் என்பதால் இருமலும் தீக்காயமும் அவர்களுக்கே. பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஒருவித டீசல் எடுத்து விற்றவர்களும் உண்டு, வெடிக்கும் ஆபத்தோடு.

கேள்வி: வெயில் நன்றாக அடிக்கும் ஊர்தானே. சோலார்?

காஸா மக்கள் நம்மைவிட முந்திக்கொண்டவர்கள். கரண்ட் இல்லாத கொடுமையிலேயே மொட்டை மாடி மொட்டை மாடியாகப் பலகை வைத்தார்கள். மாடிகள் இடிந்தபோது அவையும் போயின. தப்பியவற்றை வைத்து ஃபோன் சார்ஜ் செய்து கொடுத்துப் பிழைத்தார்கள். பேட்டரி கிடைக்காததால் இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மேற்குக் கரையில் வேறு மாதிரி. பெத்லகேம் பக்கத்தில் ஜுப்பத் அத்-தீப் என்ற கிராமத்துக்கு நெதர்லாந்து அரசு பணத்தில் சோலார் வைத்தார்கள். அனுமதி வாங்கவில்லை என்று 2017 ஜூனில் இஸ்ரேல் அதிகாரிகள் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நெதர்லாந்து எதிர்ப்புத் தெரிவித்துச் சில மாதம் கழித்துத் திரும்ப வந்தன.

கேள்வி: கழிவுநீரால் போலியோ வந்தது என்பது உண்மையா?

2024 ஜூனில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் வைரஸ் கிடைத்தது. பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது போலியோவால்தான் என்று ஆகஸ்டில் உறுதியானது. காஸாவில் 25 வருடத்தில் முதல் போலியோ. பம்ப் ஓடாவிட்டால் சாக்கடை கூடாரங்களுக்கு நடுவே தேங்கும், தடுப்பூசி விகிதமும் போரில் சரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தது. பிறகு தடுப்பூசி முகாம் நடத்தும்போதும் மருந்தைக் குளிரில் வைக்க டீசல்தான் வேண்டியிருந்தது.

கேள்வி: 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்ததே. இனி டீசல் போனால் சரியாகிவிடுமா?

டீசல் போக வேண்டும், அது முதல் படி. அந்த மாதமே சமையல் கேஸ் லாரிகள் மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக உள்ளே போயின. ஆனால் கம்பமும் கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் பெரும்பகுதி அழிந்துவிட்டன. இரட்டைப் பயன்பாட்டுப் பொருள் என்று ஒரு பட்டியல் இஸ்ரேலிடம் உண்டு. ராணுவத்துக்கும் உதவலாம் என்பதால் ஜெனரேட்டர், பம்ப், குழாய், பேட்டரி, உதிரி பாகம் என்று போருக்கு முன்பிருந்தே பலவும் அதில் சிக்கி வாசலில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவை. உதவி அமைப்புகளில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: டேங்கருக்கு அனுமதி கேட்கும் அதே கடிதத்தில் என்ஜின் ஆயிலையும், டீசல் ஃபில்டரையும், ஏர் ஃபில்டரையும், ஸ்டார்ட்டர் பேட்டரியையும் பாகத்தின் எண்ணோடு எழுதுங்கள். தொட்டி நிறைய டீசல் இருந்தும் ஒரு ஃபில்டருக்காக நின்றுபோன ஜெனரேட்டரை என் கையாலேயே திறந்து பார்த்திருக்கிறேன்.