ஸ்காபரோவில் முதல் கார் வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, நீர் கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் குடியிருக்கிறீர், ஏஜாக்ஸில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை, மனைவியும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள், அன்றாடப் பாவனைக்குச் சின்னக் கார் எடுப்பதா எஸ்.யு.வி. எடுப்பதா, புதிதா பழையதா, ஹைபிரிட் நல்லதா என்று கேட்டிருக்கிறீர். எந்தக் கார் என்பதை உடனேயே முடித்துவிடுகிறேன். கொறோலா, சிவிக், மஸ்டா 3, எலான்ட்ரா, இவற்றில் எது அடிப்பக்கம் கறள் பிடிக்காமல், ஒழுங்காக எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகளோடு கிடைக்கிறதோ அதை எடும். மூன்று பேருக்கு அது தாராளம். ஹைபிரிட் பற்றி மச்சான்மார் யாரிடமாவது கேளும். அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு நல்ல விருப்பம்.

நான் எழுத வந்தது நீர் கேட்காத விஷயங்களை. இங்கே முதல் காரோடு நொடித்துப்போன குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். காப்புறுதியும் கடன் தவணையும் சேர்ந்துதான் அவர்களை விழுத்தின.

ஒன்ராறியோ மாகாணத்தில் காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே தண்டம் குறைந்தது 5,000 டொலர். ஆகவே காப்புறுதிக் கட்டணத்திலிருந்து தப்ப வழியில்லை. அந்தக் கட்டணத்தில் நீர் இருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீடு, அனுமதிப்பத்திரம் எடுத்து எவ்வளவு காலம், அந்த மாதிரி வண்டி எவ்வளவு களவு போகிறது, எல்லாம் வந்து சேரும். ஸ்காபரோவும் பிரம்டனும் கட்டணம் கூடிய இடங்கள். புதிதாக வந்தவருக்குக் கார்த் தவணையைவிடக் காப்புறுதி கூட வருவது இங்கே அதிசயமில்லை. அதனால் ஒரு காரில் மனதை வைக்கு முன், அதன் வாகன அடையாள எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று காப்புறுதித் தரகர்களிடம் கட்டணத் தொகையைக் கேளும். நீர் ஆசைப்படும் அந்தப் பெரிய எஸ்.யு.வி.க்கும் கொறோலாவுக்கும் ஒரே நாளில் கேட்டுப் பாரும், ஆசை தானாக அடங்கும். ஹைலாண்டர், லெக்சஸ் ஆர்.எக்ஸ்., சி.ஆர்.வி. எல்லாம் கள்வர்களுக்குப் பிடித்த வண்டிகள். இரவு வாசலில் நின்றது கொள்கலனில் ஏறி மொன்றியல் துறைமுகத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சில காப்புறுதி நிறுவனங்கள் கண்காணிப்புக் கருவி பூட்டச் சொல்கின்றன, பூட்டாவிட்டால் மேலதிகமாக அறவிடுகின்றன.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து உமக்கு யோசனை சொல்வார். "பீற்றர்பரோவில் என்னுடைய சகலன் இருக்கிறான், அவன் விலாசத்தைக் கொடும், பாதிக் காசுதான் வரும்" என்பார். கொடுக்காதேயும். அது மோசடி. விபத்து நடந்து, கார் ஒவ்வொரு இரவும் ஸ்காபரோவில்தான் நின்றது என்று தெரிந்தால் இழப்பீட்டை மறுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு உமக்குக் காப்புறுதி தர எவரும் இலகுவில் முன்வர மாட்டார்கள். இதைச் சொல்லித் தருகிறவர் அன்றைக்கு உம்மோடு வந்து நிற்கமாட்டார். எங்கள் சனத்தில் நான் வெறுக்கும் குணங்களில் இது ஒன்று. தான் பிடிபடாமல் தப்பியதைக் கெட்டித்தனம் என்று நினைத்து, புதிதாக வந்தவனுக்கும் பழக்கிவிடுவது.

ஊரில் வான் ஓட்டியவர் என்று எழுதியிருக்கிறீர். அந்த அனுபவத்தை வீணாக்காதேயும். இலங்கை அனுமதிப்பத்திரத்தை நேரே மாற்றித் தரும் ஏற்பாடு ஒன்ராறியோவில் இல்லை. எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை வருடம் ஓட்டினீர் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உறுதிக் கடிதம் இருந்தால் பரீட்சைக்கான காத்திருப்புக் காலம் சுருங்கும். அதே கடிதத்தைத் தரகரிடமும் காட்டும், சில நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுக்கும். கொழும்பில் இருக்கும் உறவினரை இன்றே அலையவிடும்.

அடுத்தது தவணை. விற்பனையாளர் உம்மிடம் காரின் விலையைப் பேசமாட்டார். "மாதம் எவ்வளவு கட்டலாம்?" என்றுதான் கேட்பார். பிறகு அதையும் உடைத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தொகை என்று சொல்வார். வரியெல்லாம் சேர்த்து 35,000 டொலருக்கு, 9 சதவீத வட்டியில், 84 மாதக் கடன் என்று வையும். இரண்டு கிழமைக்கு ஏறத்தாழ 260 டொலர். கேட்க இதமாக இருக்கும். நீர் அதை இரண்டால் பெருக்கி மாதம் 520 என்று நினைப்பீர். வருடத்துக்கு 26 தவணை, 24 அல்ல. உண்மையில் மாதம் 563. ஏழு வருடம் கட்டி முடிக்கும்போது 47,300 டொலர் போயிருக்கும், அதில் 12,300 வெறும் வட்டி. அதே கடனை 48 மாதத்தில் முடித்தால் வட்டி 6,800 டொலர்தான், ஆனால் மாதம் ஏறத்தாழ 870 கட்ட வேண்டும். அந்த 870 உம்மால் முடியாது என்றால் அந்தக் கார் உமக்குரிய கார் இல்லை. ஏழு வருடக் கடனில் மூன்றாம் நான்காம் வருடம் விற்க நினைத்தாலும் காரின் மதிப்பைவிடக் கடன் கூடுதலாக நிற்கும். அப்போது "பழைய கடனைப் புதிய காரில் சேர்த்துவிடலாம் அண்ணா" என்று ஒரு தம்பி அன்பாகச் சொல்வார். அப்படிச் சேர்த்துச் சேர்த்து மூன்று காரின் கடனை ஒரு காரில் கட்டிக்கொண்டு திரிகிறவர்கள் மார்க்கம் வீதி நெடுக இருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் சாமத்திய வீடு நடக்கும் மண்டபத்துத் தரிப்பிடத்தைப் பார்த்திருப்பீர். வரிசை வரிசையாகக் கறுப்பு எஸ்.யு.வி.கள். அதைப் பார்த்துத்தான் உமக்கும் இந்தச் சந்தேகமே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றில் எத்தனை சொந்தம், எத்தனை வங்கியுடையது என்று யாரும் கேட்பதில்லை.

தமிழர் நடத்தும் கடை என்பதற்காக நம்பவும் வேண்டாம், அதற்காகவே தவிர்க்கவும் வேண்டாம். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஊர் எது, பள்ளிக்கூடம் எது என்று கேட்டு உறவு கண்டுபிடிக்கும் வரைக்கும் பேசும், தேநீரையும் குடியும், கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு. இந்த மாகாணத்தில் கார் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் கிடையாது. பதிவுபெற்ற விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில் வரியும் பதிவுக் கட்டணமும் தவிர்ந்த எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே "நிர்வாகக் கட்டணம்" என்று மேலதிகமாக ஒரு வரி எழுதினால் பேனையை வைத்துவிட்டு எழும்பும்.

தனியாரிடம் வாங்கினால், வாகனத்தின் பதிவு வரலாறு அடங்கிய அரசாங்கப் பொதியை விற்பவர் உமக்குத் தர வேண்டும். 20 டொலர்தான் அதன் விலை. அதில் காரின் மேல் ஏதும் கடன் இருக்கிறதா என்று பாரும். விற்றவர் கட்டாத கடனுக்கு உம்முடைய காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்பவர்களையும் கேட்காதேயும். நீர் கொடுத்த விலை, அரசு ஏற்கும் விலைப் புத்தகத்தில் உள்ள மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் 13 சதவீத வரி.

இனிக் கறள். ஊரில் கடற்காற்றுக்குக் கறள் பிடித்ததைப் பார்த்திருப்பீர், இங்கே வீதியிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். கனடா முழுவதிலும் வருடத்துக்குச் சுமார் 50 லட்சம் தொன். மேலே மினுமினுக்கும், உள்ளே பாதி போயிருக்கும். ஆகவே கார் பார்க்கப் போகும்போது ஒரு டோர்ச் லைற்றும் பழைய காற்சட்டையும் வேண்டும். நிலத்தில் முழங்காலூன்றி, கதவுகளுக்குக் கீழே ஓடுகிற விளிம்பைப் பாரும். பின்சில்லுக்கு முன்னால் அந்த விளிம்பு முடிகிற மூலையைப் பெருவிரலால் அழுத்தும். நொறுநொறுவென்றால் வீட்டுக்கு வந்துவிடும். பிரேக் குழாய்களில் தடிப்பாகக் கறள் ஏறியிருக்கிறதா என்று பாரும். பழைய காரின் அடிப்பக்கம் முழுவதும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அது எதையோ மறைக்க அடித்தது. எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், விற்பவரோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லும். பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது அந்த நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதற்கான கடதாசி, 36 நாள் செல்லும், உத்தரவாதம் அல்ல. வாங்கிய பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் எண்ணெய் அடிப்பியும். நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை, என்னுடைய கார்கள் கடைசிவரை என்னோடு இருந்திருக்கின்றன.

குளிர்கால ரயர் நான்கையும் தவறாமல் போடும். இரண்டு போடுகிற வேலை வேண்டாம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். பனி கொட்டும்வரை காத்திருக்கக் கூடாது. நாலு சில்லும் இழுக்கிற எஸ்.யு.வி. என்றால் ரயர் தேவையில்லை என்பார்கள். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. 401 நெடுஞ்சாலையில் முதல் பனி நாளன்று பள்ளத்துக்குள் கிடப்பவற்றைப் பாரும், பாதி பெரிய வண்டிகள். குளிர்கால ரயர் போட்டவருக்கு 2016 முதல் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தரவேண்டும், மறக்காமல் கேளும். கண்ணாடி கழுவும் நீருக்கு மைனஸ் 40 என்று எழுதிய நீல நிறத் திரவத்தையே ஊற்றும். குழாய்த் தண்ணீர் ஊற்றிய புத்திசாலிகளை எனக்குத் தெரியும்.

உம்முடைய கேள்வியில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. "நான் ஓட்ட", "எனக்குச் சரிவருமா" என்று எழுதியிருக்கிறீர். நீர் இரவு முழுக்க வேலை செய்து காலையில் வந்து படுப்பீர். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோவது? காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் யார்? கார் வாசலில் நிற்கும், உம் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைனஸ் பதினைந்தில் பஸ்ஸுக்கு நிற்பார்.

நாங்கள் வந்த காலத்தில் வெல்ஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்து மாடிகளில்தான் தமிழர் செறிந்திருந்தோம். என்னுடைய அவருக்கு உணவகமொன்றில் இரவு வேலை. எனக்கு மார்க்கம் நகரில் பிளாஸ்டிக் தொழிற்சாலை, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர விடிந்துவிடும். ஓட்டப் பழகப் போகிறேன் என்றதும் மாடியில் இருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் சைக்கிளைத் தவிர எதையும் தொட்டிராதவள், அதுவும் இங்கே வலப்பக்கம். பரீட்சையில் தேறிய பிறகு முன்னிருக்கை நீளவாங்கு மாதிரி இருந்த ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கினோம். முன்னால் மூன்று, பின்னால் மூன்று, ஆறு பெண்கள் ஒரே தொழிற்சாலைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்ததும் ஆளுக்கொரு சிறு தொகை பெற்றோலுக்குத் தருவார்கள். சூடு சாரதியின் காலடியில் மட்டும்தான் வரும், பின்னால் இருப்பவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட எங்களிடம் சுரண்டி இருக்கவில்லை. நித்தியஸ்ரீயோ சுதா ரகுநாதனோ, யாருடைய கசெட் பெட்டி கைக்கு வருகிறதோ அதன் விளிம்பால் சுரண்டுவோம். வலப்பக்கப் பின்கதவு சரியாகச் சாத்தாது. அதன் பக்கத்தில் இருந்த சங்கானைக்கார அக்கா வளைவு வரும்போதெல்லாம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கதை சொல்லுவா. சிரித்த ஆண்களில் இரண்டு பேர் பிறகு தங்கள் மனைவிமாரை என் காரில் ஏற்றச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். ஏற்றினேன். அவர்களிடமும் பெற்றோல் காசு வாங்கினேன்.

ஆகவே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கார் பாரும். இருக்கையை அவர் உயரத்துக்கு ஏற்றி, பின்னால் பிள்ளையின் ஆசனத்தை அவரே பூட்டிக் கழற்றட்டும். எழுத்துப் பரீட்சைப் புத்தகத்தை இந்தக் கிழமையே அவர் கையில் கொடும். அரசு அங்கீகரித்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் ஜி1 என்ற பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்தவர் ஓட்டப் பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டியது 8 மாதமாகக் குறையும், காப்புறுதியிலும் சிலர் கழிவு தருவார்கள். அதில் பத்து மணித்தியாலம் பயிற்றுநரோடு வீதியில் ஓட்டலாம். பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் ஸ்காபரோவில் தமிழ்ப் பெண்களே இருக்கிறார்கள், முதலிலேயே கேட்டுப் பதிவு செய்யும். நீர் பழக்க வேண்டாம். புருசன்மார் பக்கத்தில் இருந்து பழக்கினால் முதல் சந்தியிலேயே சண்டைதான்.