வழக்கறிஞராக இருந்து மாநில அரசியலுக்கு வந்தவர்களில் உங்கள் கவனத்தை ஈர்த்தவர் யார்?

பி.எச்.பாண்டியன். பிடித்தவர் யார் என்று கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பேன்.

தமிழ்நாட்டில் வக்கீல்கள் எம்.எல்.ஏ. ஆவது புதிதல்ல. பெரும்பாலோர் கறுப்பு அங்கியைக் கழற்றியதோடு சட்டப் புத்தகத்தையும் மூடிவிடுவார்கள். பாண்டியன் மூடவில்லை. 1977இல் சேரன்மகாதேவியில் அ.தி.மு.க. சார்பில் வென்று, துணை சபாநாயகராகி, 1985இல் சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்த பிறகும் கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீலாகவே இருந்தார். அந்தக் கட்சிக்காரர் சட்டப்பேரவை. சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற பேச்சு இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெறும் பேச்சோடு நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தியதற்காக, க.அன்பழகன் உள்ளிட்ட 10 தி.மு.க. உறுப்பினர்கள் 1986 டிசம்பரில் பதவி இழந்தார்கள். உறுதிமொழி எடுத்த சட்டத்தையே எரிக்கலாமா என்ற வாதத்திலாவது ஓரளவு பிடிமானம் இருந்தது. அடுத்த ஆண்டு நடந்ததற்கு அதுவும் இல்லை. எம்.எல்.ஏ.வை ஜேப்படித் திருடனாகவும் அமைச்சரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் கிண்டலடித்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு பேரவையின் உரிமையை மீறினார் என்று மூன்று மாதக் கடுங்காவல்! எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அவரோ விடவில்லை. உயர் நீதிமன்றம் சென்று, 1994இல் ஆயிரம் ரூபாய் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். தொகை அற்பம்தான், ஆனால் பேரவையின் தண்டனையை எடைபோட நீதிமன்றத்துக்கு இடமுண்டு என்று ஆனது. அதற்கு முன்பே, 1992இல், கட்சித் தாவல் வழக்குகளில் சபாநாயகரின் முடிவும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலாகப் பாண்டியன் அதிகம் நம்பிய வாதம் கோர்ட்டில்தான் தோற்றது.

1988 ஜனவரியில், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் முதல்வரான அவர் மனைவி ஜானகியின் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவைக்குள் போலீஸ் புகுந்து தடியடி நடத்தியதும் பாண்டியன் காலத்தில்தான். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன்.

ஆனாலும் 1989 தேர்தலைப் பாருங்கள். பிளவுபட்ட அ.தி.மு.க.வின் ஜானகி அணி மாநிலமெங்கும் மண்ணைக் கவ்வியது. ஆண்டிப்பட்டியில் ஜானகியே தோற்றார். அதே அணியில் நின்ற பாண்டியன் சேரன்மகாதேவியில் வென்றார். பத்தாண்டு கழித்து, 1999இல், திருநெல்வேலி எம்.பி.யாகவும் ஆனார். சென்னையில் அவரைத் திட்டித் தீர்த்த தலையங்கம் எதுவும் தாமிரபரணிக் கரையில் எடுபடவில்லை.