ஏலத்துக்கு வந்திருக்கும் "இரும்புச் சிலுவை" பொறித்த 1917 லூகர் அசல்தானா, வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: ஜெர்மனியில் ஒரு ஏலம், சேம்பர் (தோட்டா அமரும் அறை) மேல் 1917 என்று போட்ட லூகர் பி08 என்ற ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி, அதில் தங்கத்தில் இரும்புச் சிலுவை, சுற்றிலும் இலைக்கொடி, "முதல் உலகப்போர் வீரருக்குப் பதக்கத்தோடு வழங்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு. நீங்கள் அங்கேயே வேலை பார்ப்பவர், இது உங்கள் முதல் துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பை நம்பாதீர்கள். இரும்புச் சிலுவை வாங்கியவருக்குக் கிடைத்தது சிலுவையும் நாடாவும் ஒரு சான்றுத் தாளும்தான். கூடவே கைத்துப்பாக்கி கொடுக்கும் வழக்கம் கிடையாது. முதல் உலகப்போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் சுமார் 50 லட்சம் பேருக்குப் போனது. ஆளுக்கொரு தங்கவேலை லூகர் கொடுத்திருந்தால் போர் முடியும் முன்பே நாடு திவாலாகியிருக்கும். வான்படையில் எதிரி விமானத்தை வீழ்த்தியவர்களுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள், அது உண்மை. அது கோப்பை.

உடனே சிலர் வருவார்கள், "அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிப் பெயர் பொறித்துக்கொண்டார்களே" என்று. பொறித்துக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் சுற்றும் சிலுவை லூகர்களில் மிகப் பெரும்பாலானவை பிற்காலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், பழைய துப்பாக்கியை வாங்கி மெருகேற்றி, செதுக்கி, பெட்டியில் வைத்து "நினைவுப் பதிப்பு" என்று விற்றவை. அதில் தப்பில்லை, அப்படியே சொல்லி விற்றால்.

இனி பார்க்க வேண்டியது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும்.

முதலில் வெட்டுக் கோட்டின் அடியைப் பாருங்கள். கையால் உளி பிடித்து வெட்டியிருந்தால் பள்ளம் 'வி' வடிவில் பளிச்சென்று இருக்கும். கோடு தொடங்கும் இடத்தில் ஊசிபோல் மெலிந்து, வளைவில் பருத்து, மறுபடி மெலியும். மோட்டார் கருவி என்றால் அகலம் ஒரே சீராக, முனைகள் உருண்டையாக. அமிலம் வைத்து அரித்தது என்றால் அடி தட்டையாக, சொரசொரப்பாக. லேசரில் நெருக்கமான இணைகோடுகளும் கருகிய விளிம்பும் தெரியும். அது தெரிந்தால் 1917 பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, அந்தப் பள்ளத்துக்குள் நீலப்பூச்சு (எஃகு துருப்பிடிக்காமல் ஏற்றும் கறுநீல மேற்பரப்பு) இருக்கிறதா? இது முக்கியம். ஆலையில் நீலம் ஏற்றிய பிறகு செதுக்கியிருந்தால் பள்ளத்தில் வெற்று எஃகு தெரியும், காலப்போக்கில் பழுப்பேறியிருக்கும். பள்ளத்துக்குள்ளும் நீலம் என்றால், செதுக்கிய பிறகு துப்பாக்கி முழுவதற்கும் மறுபூச்சு நடந்திருக்கிறது. மறுபூச்சுக்கு முன் கட்டாயம் மெருகேற்றியிருப்பார்கள். மெருகேற்றினால் முத்திரைகள் தேயும். முன் டாகிளில் (மேலே மடங்கி எழும் மூட்டின் முன்பாகம்) உள்ள டி.டபிள்யூ.எம். ஆலையின் பின்னல் எழுத்து, வலப்பக்கத்தில் கிரீடமும் எழுத்துமாக உள்ள ஆய்வு முத்திரைகள், கழுகு இவற்றை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அசலில் முத்திரை அடித்த இடத்தில் விளிம்பு இலேசாக மேலெழும்பி இருக்கும். குழாயின் சீரியல் நம்பரைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம் தெரியும். சேகரிப்பாளர்கள் "ஹேலோ" என்பார்கள். மெருகுச் சக்கரத்துக்கு முன் இரண்டுமே நிற்காது.

மறுபூச்சைக் காட்டிக்கொடுக்கும் இடம் இன்னொன்று, சட்டகத்தின், அதாவது துப்பாக்கியின் அடிக்கூட்டின், உட்பக்கம். 1917-ல் இருந்தது துருவேற்றித் தேய்த்து, மறுபடி துருவேற்றிச் செய்யும் நீலம். வெளிப்புறத்துக்கு மட்டும் செய்வதால் உள்ளே வெள்ளை எஃகாக விட்டிருப்பார்கள். உப்புக் கரைசலில், சுமார் 140 டிகிரி செல்சியஸில், முழுதாக முக்கியெடுக்கும் முறை, பின்னாளில் லூகர் செய்த மவுசர் ஆலைக்கு வந்தது 1937 வாக்கில்தான். ஆகவே 1917 சட்டகத்தின் உள்ளே பளபளவென்று கறுநீலம் தெரிந்தால் யாரோ தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். அது எஃகை 220–230 டிகிரியில் சூடாக்கி வரவழைக்கும் நிறம். அவையும் கறுப்பாக இருந்தால் அதே கதைதான். மஞ்சள் இருந்தாலும் துள்ளாதீர்கள், அதையும் மறுபடி ஏற்றலாம்.

தங்கம்: உண்மையிலேயே தங்கம் பதித்த வேலையில் பள்ளத்தின் அடியை உட்பக்கம் சரித்து வெட்டி, சொக்கத்தங்கக் கம்பியை வைத்துச் சுத்தியால் அடித்து இறுக்குவார்கள். விளிம்பு கூர்மையாக, கோடு பிசிறில்லாமல் இருக்கும். முலாம் என்றால் மேடான இடங்களில் தேய்ந்து, அடியில் வெள்ளையோ செம்போ எட்டிப் பார்க்கும். பெயிண்ட் என்றால் அசிடோன் தொட்ட பஞ்சில் வந்துவிடும். அசிடோன் மரப்பிடியில் படக்கூடாது, மெருகு போய்விடும். விற்பவர் அனுமதியில்லாமல் இதைச் செய்யவும் கூடாது.

அடுத்து சிலுவையே. இரும்புச் சிலுவை 1813-ல் பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் தொடங்கியது. 1870, 1914, 1939-ல் புதுப்பிக்கப்பட்டது. 1914 சிலுவையின் முகத்தில் மேலே கிரீடம், நடுவே 'டபிள்யூ', கீழே 1914. சுவஸ்திகா 1939-ல் வந்தது. 1957 சட்டம் சுவஸ்திகாவை எடுத்துவிட்டு ஓக் இலையை வைத்தது. அதற்காக, ஓக் இலையைப் பார்த்ததும் 1957 என்று முடிவு கட்டிவிடாதீர்கள்: 1914 இரண்டாம் வகுப்பின் பின்புறத்திலும் நடுவே ஓக் இலை, மேலே கிரீடமும் 'எஃப் டபிள்யூ'வும், கீழே 1813 உண்டு. செதுக்குபவர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கலந்து ஒரே சிலுவையாக்கியிருந்தால், அவர் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அல்ல, படம் பார்த்து வேலை செய்தவர்.

நீலச் சிலுவை, அதாவது பிரஷ்யாவின் உயரிய வீரப் பதக்கமான பூர் லெ மெரீத், பொறித்தவையும் வரும். அதில் எழுத்தைப் பாருங்கள். மேல் கையில் கிரீடமும் 'எஃப்' எழுத்தும். பெயர் உடைந்து உடைந்து வரும்: இடக்கையில் "பூர்", வலக்கையில் "லெ மெ", கீழ்க்கையில் "ரீத்". வலக்கையிலேயே முழுச்சொல்லையும் திணித்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தப் போரில் அந்தப் பதக்கம் 700 பேருக்கும் குறைவாகவே கிடைத்தது. அத்தனை பேருமே பெயர் தெரிந்தவர்கள். பெயர் சொல்லாமல் "ஒரு வீரருக்கு" என்று எழுதுபவரிடம் பெயரைக் கேளுங்கள்.

துப்பாக்கியே கதையை உடைக்கும் இடங்களும் உண்டு. 1917-க்கு மேல் 1920 என்று இன்னொரு ஆண்டு அடித்திருந்தால், அது போருக்குப் பின் அரசு உடைமையாக இருந்தது. வீரர் வீட்டு அலமாரியில் இருந்ததல்ல. பிடியின் முன்பட்டையில் படைப்பிரிவுக் குறி இருந்தால் அது ராணுவம் வழங்கிய ஆயுதம், அதிகாரி வாங்கியதல்ல. ஆங்கிலத்தில் "ஜெர்மனி" என்று அடித்திருந்தால் ஏற்றுமதிக்குப் போனது. இலைக்கொடி அந்த எழுத்தைச் சுற்றி அழகாக வளைந்து போகிறதென்றால், செதுக்கல் எப்போது நடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். நூறாண்டுப் பழுப்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துணிச்சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி போலாக்கி, "புத்துயிர் கொடுத்தோம்" என்று காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு லட்சம் லைக். முத்திரை போனது போனதுதான், அதைத் திருப்பி அடித்தால் அதற்குப் பெயர் மோசடி. கீழே வந்து "இது நாஜி சின்னம், வெட்கமில்லையா" என்று கேட்கப்போகிறவர்கள், மேலே 1813 என்ற எண்ணை இன்னொரு தடவை படித்துவிட்டு வரவும். சுவஸ்திகா உள்ளதை ஜெர்மனியில் பொதுவில் காட்டினால் குற்றவியல் சட்டம் 86ஏ பாயும், அது வேறு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. "பழங்காலப் பொருள், உரிமம் வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் பொய். அமெரிக்கச் சட்டத்தில்கூடப் பழங்காலம் என்பது 1898 வரை செய்தது. லூகரின் முதல் மாடலே 1900. ஜெர்மனியில் சுடும் நிலையில் உள்ள பி08-க்கு ஆயுத உடைமை அட்டை வேண்டும்; சேகரிப்பாளருக்குச் சிவப்பு அட்டை. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், 9 மி.மீ. இந்தியாவில் தடை செய்யப்பட்ட வகை.

கையில் எடுக்கும்போது மேகசினை உருவி, டாகிளை இழுத்து, சேம்பருக்குள் விரலை விட்டே பாருங்கள். மேல்பகுதியைத் தனியே கழற்றிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். சேம்பரில் தோட்டா இருந்து சுடும் ஊசி பின்னால் இழுபட்டிருந்தால், இடப்பக்கம் வெளியே தெரியும் சியர் கட்டையில் (ஊசியைப் பிடித்து நிறுத்தும் பாகம்) விரல் பட்டாலே வெடிக்கும்.

விலை எவ்வளவு தரலாம் என்று கேட்காதீர்கள், மங்கலான ஒரே படத்துக்கு விலை சொல்பவர் ஜோசியர். செதுக்கு வேலை பிடித்திருந்தால் அந்த வேலைக்கு உள்ள கூலியை மதித்து வாங்குங்கள்; வரலாற்றுக்கென்று தனியாக ஒரு யூரோகூடச் சேர்க்காதீர்கள். அதே ஆண்டின் எண் பொருந்திய, யாரும் கைவைக்காத சாதா லூகரைச் சேகரிப்பாளர்கள் இதைவிட மேலாக மதிப்பார்கள். ஏலக்காரரிடம் சட்டகத்தின் உட்புறம், முன் டாகிள், குழாயின் அடிப்புறம், பிடிப்பலகைகளின் உட்பக்கம் ஆகியவற்றின் படம் கேளுங்கள். பலகையைக் கழற்றும்போது இடப்பலகையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு நெம்புகோலை ஒட்டிய மேல் மூலையை நெம்பினால் அது உடைந்து கையோடு வந்துவிடும்.