சமுதாய கிளினிக்கில் மனநலச் சிகிச்சையை முழுமையாகத் தர என்னென்ன தேவை?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: சிறிய சமுதாய கிளினிக், ஒரு பொது மருத்துவர், இரண்டு செவிலியர்கள். மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் என்று வருபவர்களை வேறு இடத்துக்கு அனுப்பாமல் அங்கேயே பார்க்க விரும்புகிறார்கள். மனநல மருத்துவர் கிடைக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

நான் செவிலியர். இப்படி ஒரு கிளினிக்கில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடைசி ஏழு ஆண்டுகளாக மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களைத் தொடர்ந்து கவனிப்பது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் முதலில் போட வேண்டிய ஆள், சிகிச்சைக்கு வந்து பாதியில் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிப்பவர். மனநல மருத்துவர் அதற்கு அப்புறம்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், மாத்திரை தீர்ந்தால் வந்துவிடுவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து குளிப்பதே மலையைப் புரட்டுவது போல. வரவிடாமல் செய்வதே அந்த நோயின் குணம். மாத்திரையும் அப்படித்தான். குமட்டல், தலைவலி, கொஞ்சம் கூடுதல் படபடப்பு எல்லாம் முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். இடைப்பட்ட நாட்களில் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். எங்களிடம் முதல் ஆண்டு ஆலோசகர் இருந்தார், மாத்திரை இருந்தது, தனி அறையும் இருந்தது. ஆண்டுக் கடைசியில் எல்லாருடைய சீட்டுகளையும் தரையில் பரப்பி, ஒரு தடவை வந்தவர், இரண்டு தடவை வந்தவர் என்று அடுக்கினோம். மூன்றாவது தடவை வந்தவர்களின் அடுக்கு ஒரு கையில் பிடிக்கிற அளவுதான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் பதிவேடு வந்தது. ஒருவருக்கு ஒரு வரி. எப்போது தொடங்கினார், அன்றைய மதிப்பெண் என்ன, இப்போது என்ன, கடைசியாக எப்போது பேசினோம், அடுத்தது எப்போது, என்ன மருந்து. மனச்சோர்வு எவ்வளவு என்று காட்டும் மதிப்பெண்ணுக்குப் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் போதும். அதிகபட்ச மதிப்பெண் 27; 10 வந்தாலே கவனிக்க வேண்டும். பதற்றத்துக்கு ஜிஏடி-7, குடிப்பழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் தாள். முதல் நாள் மட்டும் எழுதி வாங்கி ஃபைலில் வைத்தால் பயனில்லை. மாதம் ஒரு முறையாவது திரும்பக் கேட்க வேண்டும். மதிப்பெண் இறங்காதவர் யார் என்று அந்த வரியே காட்டிவிடும்.

மனநல மருத்துவர் இல்லாத குறையைச் சமாளிக்கவும் இதே பதிவேடுதான் வழி. வாரம் ஒரு நாள், ஒன்றிரண்டு மணி நேரம், வெளியூரில் இருக்கும் மனநல மருத்துவரோடு வீடியோவில் உட்கார்ந்து பட்டியலை வரிவரியாகப் பாருங்கள். தேறி வருபவர்களைத் தாண்டிப் போய்விடலாம். எட்டு வாரமாகியும் அதே மதிப்பெண்ணில் நிற்பவரைப் பற்றித்தான் பேச்சு: மருந்தின் அளவைக் கூட்டலாமா, மாற்றலாமா, நாம் வேறு எதையாவது கவனிக்காமல் விட்டோமா. இந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. யூர்கன் உன்ட்ஸர் என்ற மனநல மருத்துவரும் மற்றவர்களும் அமெரிக்காவில் 18 கிளினிக்குகளில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரிடம் செய்த இம்பாக்ட் ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டில் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், இந்த முறையில் 100க்கு 45 பேர். வழக்கமான சிகிச்சையில் 19 பேர். எனக்கு நம்பிக்கை குறையும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஃபோன் செய்வதற்கும் பழக்கம் வேண்டும். மாத்திரை தொடங்கிய ஏழாம் நாள் நான் கூப்பிடுவேன். எடுப்பது மாமியாராக இருக்கலாம், முதலாளியாகவும் இருக்கலாம். அதனால் எந்தப் பிரிவு என்று சொல்வதில்லை. என் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்பேன். அவரே பேசினால், "இப்போது பேச வசதிப்படுமா?" என்பதுதான் முதல் கேள்வி. வயிற்றைப் புரட்டுகிறதா, தூக்கம் எப்படி, மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கிறீர்களா. நாலு நிமிடம் போதும். "இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்று இருந்தேன்" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆலோசனை தர ஆள் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச் திட்டத்தில், கிளினிக் வளாகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து பேசுபவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே சொல்ல வைக்கிறார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாட்டிமார்களிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது. உங்கள் மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய எம்ஹெச்கேப் திட்டத்தின் வழிகாட்டி உதவும்; சிறப்பு மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஆனால் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாராவாரம் ஒரு மூத்தவரிடம் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் இறக்கி வைக்க இடம் வேண்டும். அது இல்லாமல் ஒரு நல்ல ஆலோசகரை நாங்கள் இழந்தோம்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் முதல் அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஒரு பெண் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது அவருக்குத் தெரிந்த இருமல். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை உள்ளே பேச விட்டு, நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். கதவில் "மனநலம்" என்று பலகை மாட்டாதீர்கள். எண் போதும். மருத்துவர் ஆலோசகரிடம் அனுப்பும்போது சீட்டு எழுதிக் கொடுக்காமல், எழுந்து கையோடு கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைக்கட்டும். அந்த இருபது அடி தூரத்தில்தான் நிறையப் பேர் வாசல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

குடிப்பழக்கத்தில் நல்லெண்ணமே ஆபத்தாக முடியும். பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவரிடம் "இன்றோடு நிறுத்துங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதையடுத்து மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். யாரை இங்கே வைத்துப் பார்க்கலாம், யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பது இரவு வேலை பார்ப்பவர் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்களும் வருவார்கள் என்றால் அதற்கான மருந்துகளான பியூப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் தர அனுமதியும், அளவு மிஞ்சினால் கொடுக்க நலாக்சோனும் தேவை.

எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே ஃபைலில் இருப்பதன் அருமை கடுமையான நோய் உள்ளவர்களிடம்தான் தெரியும். இருதுருவ மனநோய்க்கு (பைபோலார்) லித்தியம் சாப்பிடுபவருக்கு மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் இடையிடையே சோதிக்க வேண்டும். அவர் மூட்டுவலி என்று வந்து, லித்தியம் பற்றித் தெரியாமல் ஒருவர் இபுபுரூஃபென் எழுதிக் கொடுத்தால், லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபைன் என்றால் வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும், மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். மனச்சிதைவுக்கான பல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். எடை மெஷினும் ரத்தப் பரிசோதனையும் மனநலச் சிகிச்சையின் கருவிகள்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: சோர்வு என்று வருபவருக்கு ரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரசவமான தாய்மார்களுக்குத் தனியாகப் பத்து கேள்விகள் கொண்ட எடின்பரோ தாள் உண்டு; தடுப்பூசி போட வரும் நாளிலேயே கேட்டுவிடலாம். குழந்தைகளைப் பார்ப்பதென்றால் பள்ளியோடு தொடர்பு வேண்டும். அது தனி உழைப்பு, முதல் ஆண்டே தொடாதீர்கள்.

கடைசியாக, தாள்களை அச்சடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது. பிஹெச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அதில் ஒருவர் "ஒருநாளும் இல்லை" என்பதைத் தவிர வேறு எதைக் குறித்தாலும் யார் உடனே எழுந்து வருவார்? மருத்துவர் கிளம்பிப்போன பிறகு என்றால் யார்? இதற்குப் பதில் இல்லாமல் அந்தத் தாளை ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது. எங்களிடம் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறிகள், தானாக என்ன செய்துகொள்வார், யாரோடு இருப்பார், யாரைக் கூப்பிடுவார், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். அதை அவரே தன் கையால், தன் வார்த்தைகளில் எழுதுகிறார். மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு மட்டும் கொடுக்கிறோம், அதையும் முடிந்தால் வீட்டில் ஒருவர் கையில். மறுநாள் காலை முதல் ஃபோன் அவருக்குத்தான்.

நீங்கள் ஒருநாள் சாயங்காலம், கிளினிக் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, ஒரு செவிலியரை அந்தத் தாளோடு காத்திருக்கும் இடத்தில் உட்கார வைத்து இதை ஒருமுறை நடத்திப் பாருங்கள். யார் யாரைத் தேடுகிறார்கள், எந்தச் சாவி எங்கே இருக்கிறது, எந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.