முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல் ஜவ்வு அறுந்தா தொடை ஏன் கரையுது? ரங்கூன் பிசியோ அண்ணன் பதில்கள்

பெகுலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, சின்லோன் (வட்டமா நின்னு பிரம்பு பந்த கால்ல தட்டுற பர்மா ஆட்டம்) ஆடும்போது ஒத்தக்கால்ல திரும்புனேன், முட்டி மடங்கிடுச்சு. எம்ஆர்ஐல ஏசிஎல் அறுந்துருக்குன்னு வந்துச்சு. அடி பட்டது முட்டில, தொடை ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?

பதில்: எல்லாரும் கேக்குறது இதான் தம்பி. முட்டிக்குள்ள நீர் கோத்து வீங்கி இருக்குற வரைக்கும் அங்கேர்ந்து போற நரம்பு சிக்னல் தண்டுவடத்துலயே முன்தொடைக்கு பிரேக் போட்டுடும், நீ எவ்ளோ முக்கி இறுக்குனாலும் அந்த தசைல ஒரு பகுதி வேலைக்கே வராது, வேலைக்கு வராதது கரையத்தானே செய்யும். முட்டி எந்த கோணத்துல இருக்குன்னு மூளைக்கு சொல்ற நரம்பு முனைங்களும் ஜவ்வுக்குள்ள இருக்கு, அறுந்தா அந்த தகவலும் போச்சு.

காலை நீட்டி உக்காந்து, முட்டிக்கு அடியில டவல சுருட்டி வச்சு அழுத்திப் பாரு. முட்டிச் சில்லுக்கு மேல உள்பக்கமா ஒரு சதை இருக்கும், அதுல விரல வை. நல்ல கால்ல கெட்டியா ஏறும், அடிபட்ட கால்ல கொழகொழன்னு கெடக்கும். அதனால மொதல்ல வீக்கத்த எறக்கு. ஐஸ துணில சுத்தி 20 நிமிஷம் வச்சா அந்த பிரேக் கொஞ்ச நேரம் தளரும், அந்த குளிர்ச்சி போறதுக்குள்ள எக்சர்சைஸ முடிச்சுடு. தசைய தானா இறுக வைக்கிற கரண்ட் மெஷின் வச்சாலும் நல்லது, ஆனா மெஷின் இழுக்கும்போது நீயும் சேந்து இறுக்கணும், சும்மா படுத்துக்கிட்டு போன் பாக்கக்கூடாது!

மௌல்மீன் அக்கா: தம்பி, எனக்கும் ஏசிஎல் அறுந்துருக்கு, படி ஏறுனா பின்தொடைதான் மொதல்ல கடுக்குது, கால் நடுங்குது.

பதில்: அக்கா, கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாம புடிக்கிறதுதான் ஏசிஎல் வேல. அது இல்லாததால பின்தொடை அத பின்னாடி இழுத்துப் புடிக்குது, முன்தொடையும் அதே நேரத்துல இறுகுது, ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரா இழுக்குறதால சாதாரண படிக்கே டபுள் உழைப்பு. பயந்து படியவே விட்டுடாதீங்க, சின்ன படியா பாத்து நடுக்கம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தி நிறுத்தி செய்யுங்க.

இன்னொரு தம்பி: ஆபரேஷன் முடிஞ்சு 6 மாசம், நல்ல காலோட பாத்தா 90 சதவீதம் பலம் வந்துடுச்சு. ஃபுட்பால் ஆடலாமா அண்ணே?

பதில்: வேணாம். 9 மாசத்துக்கு முன்னாடி எறங்குனவங்களுக்கு திரும்ப அடிபடுறது அதிகம்னு ஆராய்ச்சிலயே பாத்துருக்காங்க. அந்த 90ஐயும் முழுசா நம்பாத, அடிபட்டப்புறம் நல்ல காலோட முன்தொடையும் டல்லாயிடும், நீ அளந்த அளவுகோலே குட்டையா இருக்கலாம். ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது ஒத்தக்கால்ல குதிக்கிறது பெருசில்ல, பிராக்டிஸ் முடிஞ்சு களைச்சு நிக்கும்போது பிசியோ முன்னாடி குதிச்சு வீடியோ எடு. எறங்கும்போது முட்டி உள்பக்கமா சாயுதுன்னா இன்னும் டைம் இருக்கு.

பெகு தம்பி: சின்லோன்ல எதிர் டீமே இல்லியே அண்ணே, அதுவாவது சீக்கிரம் ஆடலாமா?

பதில்: மோதல் இல்ல சரி, நடுவுல நிக்கிறவன் ஒத்தக்கால்லயே சுத்துறானே! நீ விழுந்ததும் அப்படித்தான். வட்டத்துல நின்னு பாஸ் குடுக்குறதுக்கே பிசியோ ஓகே சொல்லட்டும், நடுவுல போறது கடைசி.