உருமாறும் வைரஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொரோனா வைரஸின் புதிய திரிபு (உருமாறிய வகை) பரவுவதாகச் செய்தி வரும்போதெல்லாம், இனிப் பரிசோதனையில் நோய் தெரியாது, மருந்து கேட்காது, தடுப்பூசியும் வீண் என்கிறார்கள் சிலர். வைரஸ் உருமாற உருமாறத் தானே வலுவிழந்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம். வைரஸ் பெருகும்போது அதன் மரபணுத் தொடரைப் படியெடுப்பதில் நேரும் எழுத்துப்பிழைகளே இந்த மாற்றங்கள். ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட கொரோனா வைரஸின் தொடரில் நேரும் பெரும்பாலான பிழைகளால் எந்த விளைவும் இல்லை. ஆகவே, எத்தனை மாற்றங்கள் என்பதைவிட, அவை எங்கே நேர்ந்தன என்பதே முக்கியம்.

பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 2020-இன் இறுதியில் பரவிய ஆல்பா திரிபில், வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் 69, 70-ஆம் இடங்கள் விடுபட்டிருந்ததால், வைரஸின் மரபணுவைத் தேடும் சில ஆர்டி-பிசிஆர் பரிசோதனைகளில் ஸ்பைக் மரபணு மட்டும் தென்படவில்லை. அதே பரிசோதனை வேறு மரபணுக்களையும் தேடியதால் தொற்று தப்பவில்லை. அந்தக் குறையே ஆல்பாவை விரைவில் அடையாளம் காண உதவியது. விரைவு ஆன்டிஜென் பரிசோதனைகள் பெரும்பாலும் வைரஸின் உள்ளே இருக்கும் வேறொரு புரதத்தைத் தேடுவதால், ஸ்பைக் மாற்றங்கள் அவற்றை அதிகம் பாதிப்பதில்லை.

சிகிச்சையிலும் இதே கணக்குதான். ஸ்பைக் புரதத்தைக் குறிவைத்த ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) மருந்துகள் பல, ஒமைக்ரான் திரிபு வந்ததும் பயன் இழந்தன. வைரஸின் புரோட்டியேஸ் என்னும் நொதியை முடக்கும் நிர்மாட்ரெல்வியர் மருந்து பயன் இழக்கவில்லை. உடலின் மிகையான அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோனுக்கோ, எந்தத் திரிபு என்பதே பொருட்டில்லை.

தடுப்பூசி தரும் எதிர்ப்பொருள்களிலிருந்து ஒமைக்ரான் பெருமளவு தப்பியதால் தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. ஆயினும் வைரஸின் பல துண்டுகளை அறிந்துவைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களின் துணையால் கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு பெரும்பாலும் நிலைத்தது. உருமாற்றம் தடுப்பூசியை எவ்வளவு பாதிக்கும் என்பது வைரஸுக்கு வைரஸ் வேறுபடும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் சேர வேண்டிய வகைகளை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. தட்டம்மைக்கோ, 1954-இல் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவான தடுப்பூசிகளே இன்றும் காக்கின்றன.

வைரஸ் தானே சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. ஆல்பாவை அடுத்துப் பரவிய டெல்டா அதைவிடக் கடுமையாக இருந்தது. நோய் முற்றுவதற்கு முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும் வைரஸுக்கு, நோயாளி பின்னர் பிழைப்பதாலோ இறப்பதாலோ பெரிய வேறுபாடு இல்லை. ஒமைக்ரான் நுரையீரலைக் குறைவாகத் தாக்கியது உண்மைதான். ஆனால் அது மிதமாகத் தெரிந்ததற்கு மக்கள் முன்பே பெற்றிருந்த எதிர்ப்பாற்றலும் ஒரு காரணம். முதியவர்களில் பலர் தடுப்பூசி போடாதிருந்த ஹாங்காங்கில், 2022-இன் தொடக்கத்தில் அதே ஒமைக்ரான் ஏராளமான உயிர்களைப் பறித்தது.

கேள்வி: தொற்று உறுதியானால், எந்தத் திரிபு என்றும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டியதில்லை. திரிபைக் கண்டறியும் மரபணு வரிசைப்படுத்தல், சமூகத்தில் எது பரவுகிறது என்பதைக் கண்காணிப்பதற்கானது. உங்களுக்கான சிகிச்சையை மருத்துவர் வயது, இணைநோய்கள், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்வார். விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தும் அறிகுறிகள் நீடித்தால், ஓரிரு நாளில் மீண்டும் பரிசோதியுங்கள் அல்லது ஆர்டி-பிசிஆர் செய்துகொள்ளுங்கள்.