டெட்ராய்ட்டின் ஐவர்: கேள்வி பதில்

பியானோ கலைஞர் கென்னி காக்ஸ் தலைமையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய ஐவர் குழுவான 'கன்டெம்பரரி ஜாஸ் குவின்டெட்' பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: இவர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ப: 1968 டிசம்பரில் பதிவான முதல் தட்டிலிருந்து. பியானோ காக்ஸ், ட்ரம்பெட் சார்ல்ஸ் மூர், டெனர் சாக்ஸபோன் லியான் ஹெண்டர்சன், பாஸ் ரான் புரூக்ஸ், டிரம்ஸ் டேனி ஸ்பென்சர். பால் சேம்பர்ஸ், டொனால்ட் பேர்ட், டாமி ஃபிளானகன் என்று தன் ஜாஸ் பிள்ளைகளை வரிசையாக நியூயார்க்குக்கு அனுப்பிவைத்த ஊர் டெட்ராய்ட். இந்த ஐவரோ ஊரிலேயே வேரூன்றி வாசித்தார்கள். அந்த ஊரில்தான் 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் இவர்கள் பதிவு செய்ததை ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட் வெளியிட்டது. 1969இல் இரண்டாவது தட்டு 'மல்டிடைரக்‌ஷன்' பதிவானது. இரண்டும் 2007இல் ஒரே சிடியாக வந்தன. முதல் தட்டின் முதல் பாட்டு 'மிஸ்டீக்'. அதை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு, மறுமுறை ஸ்பென்சரை மட்டும் பின்தொடருங்கள்.

கே: லியான் ஹெண்டர்சன், ஜோ ஹெண்டர்சனுக்கு உறவா?

ப: ஆம், புகழ்பெற்ற டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஜோவின் உடன்பிறந்தவர்.

கே: ஸ்ட்ராடா-ஈஸ்ட் இவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம்தானே?

ப: இல்லை. வாங்குபவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். ஸ்ட்ராடா, காக்ஸ் டெட்ராய்ட்டில் தொடங்கியது. ஸ்ட்ராடா-ஈஸ்ட், சார்ல்ஸ் டோலிவரும் ஸ்டான்லி கவலும் 1971இல் நியூயார்க்கில் தொடங்கியது. முன்னது பின்னதற்குத் தூண்டுதல், உறவு அவ்வளவுதான். விற்பனைப் பட்டியல்களில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பணம் கட்டுமுன் தட்டின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கே: உண்மையைச் சொல்லுங்கள், இது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1960களில் நடத்திய இரண்டாவது குவின்டெட்டின் நகல்தானே?

ப: அந்தப் பாதிப்பை யாரும் மறைக்கவில்லை. அதே ஐந்து வாத்தியங்கள்; தாளக்கட்டை இளக்கிவிட்டுத் தனிவாசிப்பைச் சுதந்திரமாக ஓடவிடும் முறையும் அதுவே. ஆனால் மைல்ஸின் அந்தக் குழுவுக்கு பாஸ் வாசித்த ரான் கார்ட்டர் யார்? டெட்ராய்ட் காஸ் டெக் பள்ளியில் படித்தவர். அந்த ஓசையில் இந்த ஊருக்கும் பங்குண்டு.

கே: அது ஊர்ப் பெருமை, பதில் ஆகாது. மூரின் ட்ரம்பெட்டில் மைல்ஸைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ப: மூர் 1964இல் கவிஞர் ஜான் சின்க்ளேருடன் சேர்ந்து, கலைஞர்களின் கூட்டமைப்பான டெட்ராய்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். கவிஞர்களோடும் ஃப்ரீ ஜாஸ் கலைஞர்களோடும் புழங்கியவர். மைல்ஸ் மௌனத்தை வைக்கிற இடத்தில் மூர் சுரத்தை வளைத்து நெரிப்பார், ஓசை கரகரக்கும். 'மல்டிடைரக்‌ஷன்' தட்டில் இது நன்றாகவே கேட்கும்.

கே: லியான், ஜோவின் தம்பியா?

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: நானும் நகல் கட்சிதான். மைல்ஸ் குழுவின் 'ஈ.எஸ்.பி.' தட்டு 1965இலேயே வந்துவிட்டது. மூன்றாண்டு கழித்து அதே வழியில் போவதில் என்ன புதுமை?

ப: யார் முந்தி என்று பார்த்தால் ஜாஸில் பத்துப் பேர்தான் மிஞ்சுவார்கள். ஒரு பாணியை இன்னோர் ஊர் எடுத்துப் புழங்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதே என் அக்கறை. மைல்ஸின் குழுவில் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக் பல நேரம் பியானோவை விட்டுக் கையை எடுத்துவிடுவார். காக்ஸ் அப்படி விலகுவதில்லை. அடியில் கனமான சுரக்கட்டுகளை அடுக்கி மற்றவர்களை உந்துகிறார். பாடகி எட்டா ஜோன்ஸுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகிய கை அது. இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.

கே: எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

ப: என் துறை அல்ல. கடையில் கேளுங்கள்.

கே: புளூ நோட்டுக்குப் பிறகு என்ன ஆனார்கள்?

ப: ஸ்ட்ராடாவுக்காக 'லொகேஷன்' செய்தார்கள். முந்தைய இரண்டையும்விடக் கரடுமுரடானது. தொடக்கக்காரர்கள் கடைசியில் கேளுங்கள். செல்டன் தெரு 46ஆம் எண்ணில் ஸ்ட்ராடாவின் கச்சேரிக்கூடம் இருந்தது. 1973இல் பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் அங்கே வாசித்த பதிவு 2018இல் வெளியானது. காக்ஸ் 1970களில் பதிவு செய்த 'கிளாப் கிளாப்!' 2012இல்தான் வெளிவந்தது. அவர் 2008இலேயே காலமாகிவிட்டார்.

கே: ஸ்ட்ராடா-ஈஸ்ட் தட்டொன்று மலிவாகக் கிடைக்கிறது. காக்ஸ் வாசித்ததுதானே?

ப: மூன்றாவது பதிலைப் படியுங்கள். பிறகு லேபிள் படம் கேளுங்கள்.